கைக்கருவியும் கைமாற்றும்

களவு என்னும் சொல்லைக் கேட்டதும் நமது சமூகத்தில் முதலில் நினைவுக்கு வருவது நகைதான். தாலிக்கொடியோ காப்போ களவுபோனால் அந்தச் செய்தி ஈஸ்ற்ஹாமிலிருந்து ஹரோ வரை ஒரே நாளில் பரவிவிடும். கோயில் வாசலிலும் கடைத்தெருவிலும் அதுவே பேச்சாக இருக்கும். ஆனால் தொழிலாளி ஒருவரின் கருவிப்பெட்டி களவுபோனால் அது செய்தியாவதில்லை. “றில் ஒன்று போனதாம், வேறு வாங்கினால் போச்சு” என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. நகையை இழந்த வீடு அழுதுகொண்டேனும் மறுநாள் வேலைக்குப் போகும். கருவியை இழந்த வீட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. உழைப்பதற்குரிய வழியே அங்கு களவுபோயிருக்கிறது. இதனை நாம் அருகிலிருந்து பார்க்கும்படியாக, அயலவர் ஒருவருக்கு நேர்ந்ததையும் அதிலிருந்து கற்றவற்றையும் இப்பத்தியில் எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு சித்திரை மாத இறுதியில் நடந்தது இது. ஹரோப் பகுதியில் நமக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் அவர் வடமராட்சியைச் சேர்ந்தவர். தந்தையாரிடம் தொழில் பழகிய ஓடாவியார். லண்டனுக்கு வந்த பின் பல ஆண்டுகள் எரிபொருள் நிலையத்தில் இரவுவேலை செய்து, பின்னரே தம் சொந்தத் தொழிலுக்குத் திரும்பினார். கதவு பொருத்துதல், யன்னற் சட்டம், சுவரடிப் பலகை, சமையலறை அலுமாரி ஆகியவை அவரது வேலை. அவருடைய பிள்ளைகள் இருவரும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் நம்மிடம் படித்தவர்கள்.

வானில் கருவிகளை இரவில் விட்டுவைக்கக் கூடாது என்பது இந்நாட்டுத் தொழிலாளர் அனைவருக்கும் தெரியும். வானின் பக்கக் கதவை மேற்புறத்தில் அழுத்தி வளைத்து, தகர மூடியைத் திறப்பது போல் உரித்தெடுக்கும் களவு இங்கு சாதாரணமாகிவிட்டது. ஆகையால் அவர் நாள்தோறும் மாலையில் எல்லாவற்றையும் வானிலிருந்து இறக்கி, வீட்டின் பின்புறமுள்ள கராஜில் வைத்துப் பூட்டுவார். விடியுமுன் எழுந்து மீண்டும் ஏற்றுவார். ஒரு புதன்கிழமை இரவு அந்தக் கராஜின் பூட்டை அறுத்து அனைத்தையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள்.

செய்தி கேட்டு வியாழன் காலையில் நாம் போனபோது அங்கே ஏற்கெனவே நான்கைந்து பேர் கூடியிருந்தார்கள். “கமெரா பூட்டியிருக்கலாமே” என்றார் ஒருவர். “நல்ல பூட்டாகப் போட்டிருந்தால் அறுத்திருக்கமாட்டாங்கள்” என்றார் மற்றொருவர். எல்லாரும் அன்பினால் வந்தவர்களே. எனினும் களவுகொடுத்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இந்த வழக்கம் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. அவர் எவருக்கும் மறுமொழி சொல்லவில்லை. கூட்டம் கலைந்த பின்னர் மெதுவாகச் சொன்னார்: “மாஸ்ரர், பதினொரு கதவு இன்னும் போடக் கிடக்கு. திங்கட்கிழமை நான் போகாட்டில் அந்த வேலை இன்னொருத்தனுக்குப் போயிடும். பிறகு அடுத்த வேலைக்கும் என்னைக் கூப்பிட மாட்டாங்கள்.”

கருவிகளின் விலையைப் பற்றி அவர் முதலில் பேசவேயில்லை. பேசியது திங்கட்கிழமையைப் பற்றி. அன்று தொடக்கம் நாம் எதைச் செய்தாலும் அது திங்கட்கிழமைக்கு உதவுமா என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம்.

நமக்கு மரம் சீவத் தெரியாது. கலைப் பட்டம் பெற்று வகுப்பறையில் காலங்கழித்தவர்கள் நாம். எழுதத் தெரியும். எனவே எழுத்து வேலையை நாம் பொறுப்பேற்றோம். முதலில் பொலிசில் முறைப்பாடு. களவு நடந்துகொண்டிருக்கும்போதாயின் 999. முடிந்துபோன களவுக்கு 101 என்னும் இலக்கம். முறைப்பாட்டுக்கு அவர்கள் தரும் குற்றப் பதிவிலக்கம் இல்லாவிடில் எந்தக் காப்புறுதி நிறுவனமும் பேச்சைத் தொடங்காது. “பொலிஸ் வந்து என்ன செய்யப் போறாங்கள்” என்று சலித்துக்கொண்டு முறைப்பாடு செய்யாமலே விட்டுவிடுவோர் நம்மவருள் பலர் உளர். அந்தப் பதிவிலக்கம் காப்புறுதிக்கு வேண்டும்; எங்காவது ஒரு கருவி அகப்பட்டால் உரிமை கோருவதற்கும் வேண்டும்.

அடுத்தது பட்டியல். என்னென்ன போயிற்று என்று கேட்டபோது அவர் பதினெட்டுப் பொருட்களைச் சொல்லி நிறுத்திவிட்டார். நாள்தோறும் கையில் எடுப்பவற்றைத் தனித்தனியே நினைவுகூர்வது எளிதன்று. ஆகவே பரீட்சைக்குப் பிள்ளைகளைப் பழக்கும் முறையில் வினாவை மாற்றினோம். “தம்பி, வெறும் நிலை ஒன்று நிற்கிறது, அதற்கு ஒரு கதவு போடவேண்டும். முதலில் எதைக் கையில் எடுப்பீர்?” என்று கேட்டோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். அளவுநாடா, பென்சில், மூலைமட்டம், ரசமட்டம், கதவைத் தாங்கும் முக்காலிகள், வட்டவாள், மின்சீவுளி, பிணைச்சல் பதிக்கும் அச்சு, அதற்குரிய ரூட்டர், பூட்டுத் துளைக்கும் அச்சு, நான்கு அளவில் உளிகள், கொட்டாப்புளி. கதவு முடிந்ததும் சுவரடிப் பலகை. அது முடிந்ததும் சமையலறை. இரண்டு மணிநேரத்தில் பட்டியல் 61 பொருட்களாயிற்று. இன்றைய கடைவிலையில் கூட்டிப் பார்த்தபோது 5,200 பவுணைத் தாண்டியது. அவரே திகைத்துப்போனார். பதினெட்டோடு நிறுத்தியிருந்தால் மீதி நாற்பத்துமூன்று பொருட்களும் இரண்டாந்தரம் களவுபோயிருக்கும்.

அவர் மனைவி கைத்தொலைபேசியிலிருந்த பழைய படங்களைத் தேடினார். முடித்த வேலைகளை வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக எடுத்த படங்களின் ஓரங்களில் கருவிகள் கிடந்தன. வங்கிக் கூற்றுகளிலிருந்து கடைகளில் வாங்கிய திகதிகள் கிடைத்தன. பற்றுச்சீட்டு இல்லாத பொருட்களுக்கு இவையே சான்றாயின. ஆயினும் காப்புறுதி கைகொடுக்கவில்லை. வானின் காப்புறுதி வானுக்கு மட்டுமே. கருவிகளுக்குத் தனியாகச் சேர்த்திருக்கவேண்டும். வீட்டுக் காப்புறுதியிலோ தொழிற்கருவிகள் விலக்கப்பட்டிருந்தன. இப்படியான விலக்குகள் பல பத்திரங்களில் உள்ளன. கருவிகளுக்கெனக் காப்புறுதி எடுப்போரும், இரவில் அவை எங்கு வைக்கப்பட்டால் செல்லுபடியாகும் என்பதை எழுத்தில் கேட்டறிந்துகொள்வது நன்று.

வெள்ளிக்கிழமை மாலைவரை கையில் இருந்தது பட்டியல் மட்டுமே. திங்கட்கிழமைக்கு வேண்டியது கருவி. இரவல் கேட்பதில் அவருக்குப் பெருந்தயக்கம். தொழிலாளி ஒருவன் தன் கருவியை இன்னொருவனுக்குக் கொடுப்பது எளிய காரியம் அன்று என்பதை அவர் அறிவார். ஆகவே அவருக்காக நாம் கேட்டோம். கேட்கும்போதுதான், இரவல் கொடுப்பதிலும் அறியவேண்டியவை உண்டென்று தெரிந்தது. ஒருவர் நல்ல மனத்தோடு வீட்டுச் சுவரில் செருகும் 230 வோல்ற்று வட்டவாளைக் கொண்டுவந்தார். ஆனால் இந்நாட்டுக் கட்டட வேலைத்தளங்களில் பாதுகாப்புக்காகப் பெரும்பாலும் மஞ்சள் நிறச் செருகியோடு கூடிய 110 வோல்ற்று மின்சாரமே பயன்படுகிறது. வீட்டுக் கருவியை உள்ளே கொண்டுபோகவிடமாட்டார்கள். பட்டரியில் இயங்கும் கருவிகள்தாம் எங்கும் உதவும். அவற்றிலும் ஒரு சிக்கல்: மக்கீற்றாவின் பட்டரி டிவோல்ற் கருவியிற் பொருந்தாது. ஐந்து பேர் ஐந்து வகைக் கருவிகளைத் தந்தால் ஐந்து வகைப் பட்டரிகளும் ஐந்து மின்னேற்றிகளும் வேண்டும்.

இதனை நமக்கு விளக்கியவர், முன்பு அவரோடு ஒரே தளத்தில் வேலை செய்த போலந்து நாட்டவர் ஒருவர். விளக்கியதோடு நில்லாமல், தம்மிடமிருந்த இரண்டாவது தொகுதியை, பட்டரிகளோடும் மின்னேற்றியோடும் சேர்த்து, ஞாயிறு மாலை வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார். தமக்கும் ஒருமுறை இப்படி நேர்ந்ததாம். மூன்று வாரம் வைத்திருக்கலாம் என்றார். பிணைச்சல் பதிக்கும் அச்சைக் கருவி வாடகைக் கடையில் ஒரு கிழமைக்கு எடுத்தோம். உளிகள் மட்டுமே எஞ்சின. உளியை இரவல் கேட்பது வேறு விடயம். ஒவ்வொருவர் கைக்கும் தக்கபடி தீட்டித் தீட்டி வந்த அலகு அது. ஈஸ்ற்ஹாமில் மகளோடு வசிக்கும் முதியவர் ஒருவர், ஊரில் பேர்பெற்ற ஓடாவியாராக இருந்தவர், நாம் கேளாமலே செய்தி அறிந்து தமது உளிகள் ஆறையும் துணியிற் சுற்றி அனுப்பிவைத்தார். “கை நடுங்குது, இனி எனக்கேன், ஆனால் தீட்டாமல் வைச்சிருக்கக் கூடாது எண்டு சொல்லுங்கோ” என்பது அதனோடு வந்த செய்தி.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனார்.

இந்த இடத்தில் ஊர் நினைவு ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, மழைக்குள் நாவற்குழிப் பக்கமாக நடந்த மக்களுள் நாமும் இருந்தோம். பலர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நமது ஊர் ஓடாவியார் ஒருவர் சைக்கிள் கரியரில் கட்டியிருந்தது வாளும் உளிப்பையும். சட்டி பானை எங்கே என்று அவர் மனைவி கோபித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. தென்மராட்சியில் பாடசாலை வளவொன்றில் தங்கிய மூன்றாம் நாள் அவர் கொட்டில் போடத் தொடங்கிவிட்டார். அவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். அந்தக் கொட்டில்களுள் ஒன்றில் நாமும் சில மாதம் இருந்தோம். காணியையும் வீட்டையும் எவராலும் கொண்டுவர முடியவில்லை. அந்த மனிதருக்குத் தம் பிழைப்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுவர முடிந்தது. அகதிக்குக் கருவி என்பது என்ன என்று நாம் அறிந்தது அங்கேதான்.

மீண்டும் லண்டனுக்கு வருவோம். இரவற் கருவிக்கு மூன்று வாரத் தவணை. அதற்குள் சொந்தமாக வாங்கப் பணம் வேண்டும். சிலர் கோயிலில் உண்டியல் குலுக்கலாம் என்றார்கள்; வேறு சிலர் தலைக்கு ஐம்பது பவுண் சேர்க்கலாம் என்றார்கள். அவர் கைகூப்பி மறுத்துவிட்டார். “உதவியெண்டு வாங்கினால், மாஸ்ரர், பிறகு அந்த வீடுகளிலை வேலைக்குக் கூலி கேட்க எனக்கு வாய் வராது” என்றார். இதிலுள்ள நியாயத்தை நாம் சிந்திக்கவேண்டும். தொழிலாளி தம் அயலவரிடமே கூலி பெற்று வாழ்பவர். இன்று நாம் அவருக்கு இனாமாகக் கொடுக்கும் ஐம்பது பவுண், நாளை அவர் வாயை அடைத்துவிடும்.

அவர் உறுப்பினராயிருந்த சீட்டு ஒன்று கைகொடுத்தது. பத்துப் பேர், மாதம் 300 பவுண். அவரது முறை புரட்டாதியில்தான் வரும். வைகாசி முறைக்குரியவர் முதியோர் இல்லமொன்றில் வேலைசெய்யும் ஒரு தாயார். நாம் போய்ப் பேசியபோது அவர் சிறிது நேரம் யோசித்தார். பழைய காரை மாற்றுவதற்காக வைத்திருந்த பணம் அது. பின்னர், “கார் இன்னும் நாலு மாதம் ஓடும், அவருக்கு முதல் குடுங்கோ” என்றார். முறை மாறியது, அவ்வளவுதான். எவருக்கும் ஒரு சதமும் நட்டமில்லை. எவரும் எவருக்கும் கடமைப்படவுமில்லை. 3,000 பவுண் வைகாசி முதற்கிழமையில் அவர் கைக்கு வந்தது. கைமாற்று, சீட்டு என்பன நமது கிராமங்களில் வங்கிகள் வருமுன்னரே இருந்தவை. நம்பிக்கையன்றி வேறு பிணை கேளாத இந்த ஏற்பாடுகள், மனிதரின் மானத்தைக் காப்பாற்றியே உதவி செய்கின்றன.

மிகுதிப் பணத்துக்கு அவருடைய சொந்த உழைப்பே வழி காட்டியது. கட்டடத் தொழிலில் ஒப்பந்தகாரர்கள், தமக்குக் கீழ் சுயதொழிலாக வேலைசெய்வோரின் கூலியில் வரிக்கென முன்கூட்டியே ஒரு பகுதியைக் கழிக்கிறார்கள். பதிவுசெய்தவராயின் பொதுவாக நூற்றுக்கு 20, பதிவுசெய்யாதவராயின் 30. செலவுகளையும் வரிவிலக்கையும் கழித்துப் பார்த்தால் பலருக்கு இது அளவுக்கு மிஞ்சிய கழிப்பாக இருக்கும். மிஞ்சியது ஆண்டுக் கணக்கைச் சமர்ப்பித்த பின்னரே திரும்பி வரும். வரியாண்டு ஏப்பிரல் 5 இல் முடிகிறது. மறுநாளே கணக்கைச் சமர்ப்பிக்கலாம். ஆனால் நம்மவர் பெரும்பாலோர் கடைசி நாளாகிய சனவரி 31 வரை கடதாசிகளைச் சாக்கில் கட்டி வைத்திருப்பார்கள். அவரும் அப்படியே வைத்திருந்தார். இரண்டு இரவு இருந்து அவற்றை ஒழுங்குபடுத்தினோம். கணக்காளர் வைகாசியிலேயே சமர்ப்பித்தார். தமது பணமே, மாதக்கணக்கில் காத்திராமல், தேவையான வேளையில் அவருக்குத் திரும்பி வந்தது. புதிதாக வாங்கிய கருவிகளின் செலவையும் அடுத்த ஆண்டுக் கணக்கிற் காட்டலாம் என்பதால் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் ஒரு கோப்பில் இடும்படி அவர் மனைவியிடம் சொல்லிவைத்தோம்.

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். ஒரு ஞாயிறு காலை நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கார்பூட் சந்தையில் நிற்பதாகவும், 300 பவுணுக்கு மேல் பெறுமதியான பட்டரிக் கருவித் தொகுதி 80 பவுணுக்குக் கிடைப்பதாகவும், நம் ஓடாவியாருக்கு வாங்கிக் கொடுத்தால் புண்ணியம் என்றும் சொன்னார். பெட்டியில்லை, மின்னேற்றியில்லை, கைபிடியில் எழுதியிருந்த பெயரை எவரோ சுரண்டியிருந்தார்களாம். நாம் அருகிலிருந்த ஓடாவியாரிடம் கேட்டோம். அவர் முகம் மாறிவிட்டது. “வேண்டாம் மாஸ்ரர். அது எவனோ ஒரு ஓடாவியின்ரை சாமான். அவன் இப்ப என்னைப்போலை வீட்டிலை குந்திக்கொண்டு இருப்பான்” என்றார்.

நண்பர் கெட்டவர் அல்லர். மலிவு கண்ட மகிழ்ச்சியில் பேசியவர். ஆனால் அந்த 80 பவுணை எண்ணிப் பார்க்கவேண்டும். களவெடுப்பவனுக்கு உளியும் ரூட்டரும் பயன்படப் போவதில்லை. வாங்குவதற்கு ஒருவர் இருக்கிறார் என்ற நிச்சயத்தினாலேயே அவன் நள்ளிரவில் பூட்டை அறுக்கிறான். ‘நான் களவெடுக்கவில்லை, காசு கொடுத்துத்தான் வாங்கினேன்’ என்னும் சமாதானம் அந்த நிச்சயத்தையே அவனுக்குக் கொடுக்கிறது.

சட்டமும் இதனை இலேசாகக் கருதவில்லை. இங்கிலாந்தின் 1968 ஆம் ஆண்டுக் களவுச் சட்டத்தின்படி களவுக்குரிய உச்சத் தண்டனை 7 ஆண்டுச் சிறை. களவுப்பொருள் என்று அறிந்தோ நம்பியோ அதனைக் கைக்கொள்பவருக்கு, அதே சட்டத்தின் 22 ஆம் பிரிவின் கீழ், உச்சத் தண்டனை 14 ஆண்டுகள். எடுத்தவரைப் பார்க்கிலும் வாங்குபவருக்கு இருமடங்கு. முற்காலத்தில் இந்நாட்டில் விசித்திரமான ஒரு வழக்கு இருந்தது. சூரியன் உதித்து மறைவதற்குள், திறந்த சந்தையில், நல்லெண்ணத்தோடு ஒருவர் வாங்கினால், அது களவுப்பொருளேயானாலும் வாங்கியவருக்குச் சொந்தமாகிவிடும். அந்த வழக்கு 1994 இல் இயற்றப்பட்ட திருத்தச் சட்டத்தினால், 1995 சனவரியிலிருந்து ஒழிக்கப்பட்டது. ஆகவே இன்று, ஒன்றும் அறியாமல் வாங்கியவரிடத்திலும் அப்பொருள் பொதுவாக உரியவருக்கே சொந்தம். கொடுத்த காசும் போய்விடும்.

சட்டத்துக்கு அஞ்சி விலகுவது ஒரு வழி. அதைவிட மேலான காரணமும் நமக்கு உண்டு. நமது வீடுகளை எரித்தபோதும், விட்டுவிட்டு ஓடியபோதும், நம் கதவுகளையும் நிலைகளையும் ஓடுகளையும் எவரெவரோ கழற்றிச் சென்றார்கள். பின்னர் அவை எங்கேயோ மலிவாக விற்கப்பட்டன. வாங்குவதற்கும் ஆட்கள் இருந்தார்கள். வாங்கியவர்களை நாம் என்ன சொல்லித் திட்டினோம் என்பது நமக்கு மறந்திருக்காது.

ஓடாவியாரின் 61 பொருட்களில் ஒன்றேனும் இன்றுவரை திரும்பி வரவில்லை. இனி வரும் என்றும் அவர் எதிர்பார்க்கவில்லை. பதினொரு கதவுகளையும் முடித்துக் கொடுத்தார். போலந்து நாட்டவரின் தொகுதியை மூன்றாம் வார இறுதியில், துடைத்து, இரண்டு புதிய அலகுகள் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். முதியவரின் உளிகள் மட்டும் அவரிடமே இருக்கின்றன, கிழமைக்கொருமுறை தீட்டப்படுகின்றன. புதிய கருவிகளின் தொடரிலக்கங்களை மூத்த மகள் ஒரு கொப்பியில் எழுதி, ‘இம்மொபிலைஸ்’ என்னும் தேசியப் பொருட்பதிவேட்டிலும் இலவசமாகப் பதிவுசெய்தாள். பொலிசார் கைப்பற்றும் பொருட்களின் உரிமையாளரைத் தேட அப்பதிவேடு உதவுகிறது.

தொழிலாளர் குடும்பங்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. நவராத்திரி முடிவில் நம் வீடுகளில் ஆயுதபூசை செய்கிறோம். கருவிகளைத் துடைத்து, சந்தனப் பொட்டிட்டுச் சுவாமி படத்தின் முன் வைக்கிறோம். ஆண்டில் அந்த ஒரு நாளில்தான் எல்லாக் கருவிகளும் ஒரே இடத்தில், வெளிச்சத்தில், வரிசையாக இருக்கின்றன. பொட்டிடுமுன் ஒவ்வொன்றின் தொடரிலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளை இருந்தால் அந்த வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். அந்தக் கொப்பியைக் கருவிப்பெட்டிக்குள் வையாமல், வீட்டிற்குள் வையுங்கள்.